தந்தமில்லாத யானையும் என் நாத்தனாரும்

யாரைப் பார்த்தாலும் என் நாத்தனார் முதலில் கேட்கும் கேள்வி, "நீ என்ன கிழமை?" என்பதுதான். பேர், ஊர், சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கப்புறம். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி மீது எனக்கிருந்த எரிச்சல் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ரங்கூனில் இந்தக் கேள்வி ஒன்றும் அதிசயமில்லை. பர்மாக்காரர்களுக்குப் பிறந்த கிழமைதான் பாதி ஜாதகம். கிழமைக்கு ஒரு மிருகம், பகோடாவில் அந்த மிருகத்துக்கு ஒரு மூலை. ஞாயிறு கருடன், திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், வியாழன் எலி, வெள்ளி வாலில்லாத சீமை எலி, சனி நாகம். புதனுக்கு மட்டும் இரண்டு. காலையில் பிறந்தால் தந்தமுள்ள யானை, மத்தியானத்துக்கு மேல் பிறந்தால் தந்தமில்லாத யானை. அவரவர் மூலைக்குப் போய் வயதுக்கு ஒரு கிண்ணம் வீதம் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் அதைப் பகோடாவோடு விட்டுவிடுவார்கள், மமா விடமாட்டார்.

மமா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அக்கா. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், எனக்கு நாத்தனார். மாமனார் ரயில்வேயில் இருந்த தமிழர், மாமியார் பர்மாக்காரி. அதனால் அந்த வீட்டில் பிள்ளையாரும் உண்டு, புத்தரும் உண்டு, இரண்டு பக்கத்துப் பயங்களும் உண்டு.

ஒரு நாள் கொட்டுகிற மழையில் டாக்சிக்காகக் காத்து நின்றோம். தொப்பலாக நனைந்தபிறகு ஒன்று வந்து நின்றது. ஏறி உட்கார வேண்டியதுதானே? கதவைப் பிடித்தபடி ஓட்டுநரிடம் கிழமை கேட்டார். அவன் சனி என்றான். "நாகம். தண்ணியில நல்லா போவான். ஏறு" என்றார். அதுவரைக்கும் என் முதுகில் அருவி. எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது இன்னும் மோசம். தள்ளுவண்டியில் என்னை உள்ளே கொண்டுபோகிறார்கள், மமா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறுவை செய்யப்போகிற டாக்டரை நிறுத்திக் கிழமை கேட்கிறார். ஞாயிறு என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். "கருடன். கண்ணு கூர்மையா இருக்கும். போயிட்டு வா" என்று எனக்கு உத்தரவு வேறு.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் அப்படித்தான். பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீட்டு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த கூட்டத்தில், நகை பற்றியோ சமையல் பற்றியோ வாயைத் திறக்காதவர் அவர் ஒருத்தர்தான். செவ்வாய் என்று என் அம்மா சொன்னதும், "சிங்கம்!" என்று கையைத் தட்டினார். அன்றிலிருந்து நான் சிங்கம். கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிற எனக்கு அந்தப் பேர். "ஏ சிங்கம், உப்பு எங்க வச்சே?" என்பார். கேட்டுக் கேட்டு, என் மிருகத்தை ஒரு தடவையாவது காட்டில், உயிரோடு, நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கே வந்துவிட்டது. எங்கள் ஊர் மிருகக்காட்சிச்சாலையில் நான் போகும்போதெல்லாம் சிங்கம் முதுகைக் காட்டித்தான் படுத்திருக்கும்.

சரி, மமா என்ன கிழமை? புதன், சாயங்காலம். தந்தமில்லாத யானை. பர்மியக் கணக்கில் அந்த யானைக்கு அதிபதி ராகு. மாமனார் பக்கத்துத் தமிழ்க் கணக்கில் ராகு என்றாலே ஆகாது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் வந்து விடிந்தால் என்ன ஆகும்?

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை ஒரு புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார். அன்று இரவே அதற்கு வலிப்பு வந்துவிட்டது. பெற்ற தாயான என் மாமியாரே, "ராகுக்காரி கை பட்டா வேற என்ன ஆகும்?" என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு மமா நடக்கத் தெரியாத எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை.

அந்தக் குழந்தை செத்துவிட்டதா என்று கேட்பீர்கள். அதுதான் என் எரிச்சல். அந்தக் குழந்தை இன்றைக்கும் எங்கள் தெருமுனையில் வெற்றிலைக்கடை வைத்திருக்கிறது. நாற்காலி கொள்ளாத உடம்பு. மமா தினமும் அவனிடம்தான் வெற்றிலை வாங்குவார். "மமா, இதோ உட்கார்ந்திருக்கானே உங்க கை பட்ட குழந்தை, இவனுக்கு என்ன குறைச்சல்?" என்று நான் அவன் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். "பொழச்சது அவன் புண்ணியம். அதுக்காக என் கை சரியாயிடுமா?" என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே நடப்பார்.

பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர் அவர். நடக்கிற பிள்ளைகள் என்றால் மடியில் இரண்டு, முதுகில் ஒன்று என்று சுமப்பார். "நடக்கத் தெரிஞ்சா தப்பிச்சு ஓடிடும்ல, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது அவருடைய நியாயம். என் மகள் பிறந்தபோது வீட்டில் எல்லோரும் மாறி மாறித் தூக்கினார்கள். மமா மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். சோறு ஆக்கினார், துணி அலசினார், ராத்திரியெல்லாம் கூட விழித்திருந்தார். தூக்கவில்லை. அவள் தத்தித் தத்தி நிற்கிற பருவத்தில் பழைய லுங்கியை அவள் இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நடை பழக்கினார். வண்டிமாடு ஓட்டுகிற மாதிரி இருக்கும். விழப்போனாலும் லுங்கியைத்தான் இழுப்பார், பிள்ளையைப் பிடிக்கமாட்டார். என் மகளுக்கு இது தெரியும். பெரியவளான பிறகும், "அத்தை என்னைத் தூக்கினதே இல்லைல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

மகளுக்குக் கல்யாணமாகி, மருமகனுக்கு நைரோபியில் ஒரு டீக் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. அங்கே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் வீட்டுக்காரர் பசுந்தாங்கில் மோட்டார் சாமான் கடையை விட்டு அசைய முடியாது. நான் கிளம்பினேன். என் மகள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "அத்தை, நீங்களும் வாங்க" என்றாள்.

"நான் எதுக்கு தமீ? பாத்திரம் தேய்க்கவா?" என்றார் மமா. தமீ என்றால் பர்மியத்தில் மகளே.

"என் புள்ளையைத் தூக்க."

"அது நடக்கிற காரியமில்ல."

"பகோடாவுல அந்தக் கல்லு யானைக்கு எத்தனை வருஷமா தண்ணி ஊத்துறீங்க? என் கை தோஷம் போகட்டும்னுதானே கேக்குறீங்க? அது பதில் சொல்லிச்சா?"

"கல்லு எப்படிடீ பேசும்?"

"அதைத்தான் சொல்றேன். இங்க உசிரோட யானை இருக்கு. கொம்பில்லாததா ஒண்ணைப் பார்த்து நேராவே கேட்டுடுங்க. அப்பத் தூக்குவீங்கல்ல?"

மமா ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "உசிரோட இருக்கிறது சரின்னு சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்றார்.

"அது சரின்னு சொல்லுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அது எனக்கும் யானைக்கும் உள்ளது. நீ விசாவைப் பாரு."

எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பர்மாவில் பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தம் கிடையாது. மரம் இழுக்கிற யானைகளில் தந்தமில்லாததைப் பார்க்காதவர் யார்? யானைக் காட்டில் அதற்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டோம். படித்தவள், கூகுளில் ஊரையே தேடுகிறவள், என் மகளும் நினைத்துவிட்டாள்.

நைரோபி போய்ச் சேர்ந்தபிறகு என் பிராணன் போயிற்று. உதவிக்கு என்று வந்த மனுஷி குழந்தையின் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறார். முட்டி வலியோடு நான் காலை நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டுவேன். மமா கை எட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று சொம்பில் தண்ணீர் ஊற்றியபடி, காதை மூடு, கழுத்தைப் பிடி என்று அதிகாரம் பண்ணுவார். தூளியின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைச் சமையல்கட்டு வரை இழுத்துவந்து, ஒரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டே ஆட்டுவார். குழந்தை அழுதால் கயிறு வேகமாகும். நான் அந்தக் கயிற்றில் தடுக்கி இரண்டு தடவை விழப்பார்த்தேன்.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் காட்டுக்குப் போனோம். கைக்குழந்தையோடு காட்டுக்கா என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மருமகனுக்கு லீவு இல்லை. மகள், குழந்தை, மமா, நான், வண்டி ஓட்ட ஜோசப். எங்கள் வயதுக்காரர், நல்ல சிரிப்பு. மமா அவருக்கு எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்து, கோ ஜோசப் ஆக்கிவிட்டார். ஏறியதும் வழக்கமான கேள்வி. மகள் ஆங்கிலத்தில் சொல்ல, ஜோசப் யோசித்து, வியாழன் என்று தன் அம்மா சொன்னதாகச் சொன்னார்.

"எலி" என்றார் மமா.

"சிங்கக் காட்டில் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், நான் எலியா? என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நாங்கள் தங்கிய விடுதியின் கல்சுவரில் கொழுகொழுவென்று பழுப்பு நிறத்தில் வாலில்லாத பிராணிகள் வெயில் காய்ந்தன. பாறை முயல் மாதிரி ஒன்று. மகள் வெள்ளிக்கிழமைக்காரி. மமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் மிருகம் தமீ, கும்பிடு!" என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தி அவளைக் கைகூப்ப வைத்தார். அவள் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் அந்த மிருகம் வந்து அவளுடைய ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

வண்டியில் இன்னொரு கூத்து. வண்டி ஓடினால் குழந்தை தூங்கும், நின்றால் வீறிட்டு அழும். மகளும் நானும் மாற்றி மாற்றி வைத்திருந்தோம். மமா முன் சீட்டில் ஜோசப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், பின்னால் குழந்தை இருக்கிறதாம். மஞ்சள் புல் கண்ணுக்கெட்டியவரை கிடந்தது. அதன் நடுவே ஒட்டகச்சிவிங்கிகள் முள்மரத்து உச்சியை மேய்ந்தன. நான் வாயைப் பிளந்தேன். மமா, "அதுக்குக் கிழமை கிடையாது, வண்டியை விடு" என்றார். வரிக்குதிரை ஆயிரம் நின்றது. கிழமை கிடையாது. தலையில் பேனா செருகின மாதிரி இறகு வைத்துக்கொண்டு நெட்டைக் காலால் ஒரு பறவை ஆபீசுக்குப் போவதுபோல் நடந்தது. கிழமை கிடையாது. முள்மரக் கிளையிலிருந்து ஒரு பனங்காடை பறந்தது. நெஞ்சு ஊதா, சிறகை விரித்தால் அப்படி ஒரு நீலம். ஜோசப் அதற்காகவே வண்டியை மெதுவாக்கினார். எனக்கு அதை நாள்பூரா பார்த்துக்கொண்டிருக்கலாம் போல் இருந்தது. மமா ஜோசப்பின் தோளைத் தட்டி, "கோ ஜோசப், யானை" என்றார்.

சிவந்த முகத்தோடு ஒரு கழுகு பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் வண்டி நின்றே ஆகவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்காரர். "தம்பிக்குக் கருடன்" என்று அது திரும்புகிறவரை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். குழந்தை கத்தோ கத்தென்று கத்தியது.

கடைசியில் யானைக் கூட்டம் வந்தது. மமா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். ஒன்று, இரண்டு, எல்லாவற்றுக்கும் தந்தம். குட்டிகளுக்குக்கூட முளைக்கத் தொடங்கியிருந்தது.

"எல்லாம் ஆம்பளையா இருக்கே" என்றார்.

மகள் கேட்டாள். ஜோசப், "இல்லை, எல்லாம் பெண்கள். இங்கே இரண்டுக்குமே தந்தம் இருக்கும்" என்றார்.

"அமலே, அய்யய்யோ! பொம்பளைக்குமா கொம்பு?" மமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லாதது ஒண்ணுமே இருக்காதா?" என்று மகள் கேட்டாள். இருக்கும், அபூர்வம் என்றார் ஜோசப். வினை அந்த 'இருக்கும்'தான். அதன்பிறகு அந்தக் காட்டில் எங்கே ஒரு சாம்பல் முதுகு தெரிந்தாலும் வண்டி அங்கே போயாக வேண்டும். மத்தியானம் வண்டியின் வயர்லெஸ்சில் ஏதோ கரகரத்தது. ஆற்றோரம் சிங்கங்கள் என்று ஜோசப் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் யானைகள்.

"மமா, எனக்குச் சிங்கம்னு சொல்லிச் சொல்லி ஆசை காட்டினது நீங்கதானே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினேன்.

"உன் மிருகத்தை உனக்குக் காட்டாம இந்தக் காட்டை விட்டுக் கூட்டிட்டுப் போவேனா? அப்படி யாரையாவது விட்டிருக்கேனா நான்? முதல்ல இந்தக் கூட்டத்தைப் பார்த்துடலாம்."

பார்த்தோம். எல்லாம் கொம்பு. ஆற்றோரம் போய்ச் சேர்ந்தபோது புல் மட்டும் படுத்த அடையாளத்தோடு இருந்தது. அந்தப் புல்லை மமா எனக்குக் காட்டினார். "இங்கதான் படுத்திருந்திருக்கு பாரு, பெரிய சிங்கம்" என்றார். எனக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது.

மறுநாள் காலை கடைசிச் சுற்று. காட்டின் வாசலைப் பார்த்துத் திரும்பும் வழியில், ஒரு நீர்க்குட்டைப் பக்கம் ஜோசப் வண்டியை ஓரங்கட்டினார். பேசாமல் விரலை மட்டும் நீட்டினார்.

கூட்டத்துக்கு முன்னால், எல்லாவற்றையும்விட உயரமாக, காது கிழிந்த ஒரு கிழட்டு யானை வந்துகொண்டிருந்தது. தும்பிக்கையின் இரண்டு பக்கமும் வெறுமை. அது நின்றால் கூட்டம் நின்றது, நடந்தால் கூட்டம் நடந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு வந்தது.

மமா கைகூப்பினார். எங்கள் தண்ணீர் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பாட்டில் மூடியைக் கிண்ணமாக்கி, ஜன்னல் வழியே வயதுக்கு ஒரு மூடி ஊற்றத் தொடங்கினார். அவர் வயது உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். குழந்தை கத்துகிறது, எனக்குத் தொண்டை வறள்கிறது, குடிக்க வைத்திருந்ததெல்லாம் ஆப்பிரிக்க மண்ணுக்குப் போகிறது. யானை ஒரு தடவை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது, காதை விசிறியது, போய்விட்டது.

ஜோசப் மெதுவாகச் சொன்னார், மகள் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்பு தந்தத்துக்காக இங்கே யானைகளைச் சுட்டுத்தள்ளிய காலத்தில் இதன் அம்மா, அக்காள் எல்லாம் போய்விட்டனவாம். இதனிடம் எடுக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்களாம். மிஞ்சிய குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது இதுதானாம். "இப்ப நாம பார்த்த அத்தனையும் அது வளர்த்ததுங்க, அத்தை."

மமா யானை போன திசையைக் கும்பிட்டார். "சாது, சாது, சாது" என்றார், ஒரு புண்ணியத்தைக் கேட்டால் பகோடாவில் 'நன்று' என்று சொல்வது அப்படித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவாவது தூக்குங்க" என்று மகள் குழந்தையை நீட்டினாள்.

நான் இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்வேன். மமா என்ன கேட்டார் தெரியுமா? "இவ திங்கள்கிழமைதானே? புலி. என் மிருகத்தைப் பார்த்தாச்சு. இவ மிருகத்தைப் பார்க்காம எப்படி? கோ ஜோசப், புலி எங்க?"

ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது என்றார் ஜோசப்.

"புலி இல்லாம என்ன காடு? சரி, ரங்கூனுக்கு வரட்டும். பகோடாவுல கிழக்கு மூலையில தண்ணி ஊத்திட்டு..."

மகளுக்கு அப்போது வந்ததே கோபம்! வண்டிக்குள்ளேயே எழுந்து, இரண்டு சீட்டுக்கு நடுவே குனிந்து, குழந்தையை மமாவின் மடியில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். "அவ வரமாட்டா ரங்கூனுக்கு. நானும் வரமாட்டேன். தூக்கினாத் தூக்குங்க, இல்லாட்டி விழட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்து உட்கார்ந்து அழுதாள்.

மமாவின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன, துப்பாக்கியைக் காட்டினால் தூக்குவார்களே அந்த மாதிரி. குழந்தை மடியில் கிடந்து அவரைப் பார்த்தது. "சிங்கம், எடு, எடு" என்றார் என்னிடம். நான் எடுக்கவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. நான் ஜோசப்பிடம், போங்க என்று கையைக் காட்டினேன்.

வண்டி கிளம்பியது. பாதையில் ஒரு பள்ளம், சக்கரம் இறங்கித் தூக்கிப்போட்டது. மேலே இருந்த இரண்டு கைகளும் கீழே வந்து குழந்தையை இறுக்கிப் பிடித்தன.

அதன்பிறகு அவருக்குக் கையை எடுக்கத் தெரியவில்லை. பிடித்த பிடியை மாற்றவும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தாங்கினார், தோளோடு சேர்த்துக்கொண்டார். வண்டி ஓட ஓடக் குழந்தை அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டது. அவர் முதுகு அசையாமல் இருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசல் கம்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஜோசப் வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம், பாதையை ஒட்டிய புதர் நிழலில் சிங்கம் என்று ரகசியமாகச் சொன்னார். ஒன்றில்லை, ஒரு குடும்பமே என்றார். நான் எழுந்தேன். உயரமான புல், முன்னால் மமாவின் தலை, ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போய் நிறுத்தினால் நேராகப் பார்க்கலாம்.

மமாவும் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண் விரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். யாரையும் அவரவர் மிருகத்தைக் காட்டாமல் விடாத மனுஷி, தலையால் முன்னே காட்டி, குரலே எழும்பாமல் சொன்னார்.

"கோ ஜோசப், நிறுத்தாதே. புள்ள எழுந்துடும். போ."

ஜோசப் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.